எறிப்பு அளந்த கதிரண்ணன்

செய்தி வந்தபோது நான் புளியந்தீவில் ஒரு கண்ணாடிக் கடையில் நின்றேன். முறிந்துபோன மூக்குக்கண்ணாடியைக் கடைக்காரர் உள்ளே எடுத்துச் சென்றிருந்ததால், கைபேசியில் யாருடைய பெயர் விழுகிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. காதில் வைத்த பிறகே என் மனைவி மலரின் குரல் என்று அறிந்தேன்.

“இஞ்ச பாருங்க, அத்தான் போயிட்டார்,” என்றாள்.

அவருக்கு வாவிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் வயல் உண்டு. அங்கேதான் போயிருக்கிறார் என்று நினைத்து, “எத்தன மணிக்குத் திரும்பி வாறாராம்?” என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் மலர் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கிற்று. கண்ணாடியை வாங்காமலே களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் ஏறினேன். வழி முழுவதும் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. அதற்குக் கண்ணாடி இல்லாதது மட்டும் காரணம் அல்ல.

மலர் அத்தான் என்று சொன்னது அவளுடைய அக்கா பாக்கியத்தின் கணவரை. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற கதிர்காமத்தம்பி அவர்கள். ஊருக்குக் கதிர் ஐயா, எனக்குச் சகலன், வாயால் அழைப்பது கதிரண்ணன் என்று. அன்று காலை வழக்கம்போலத் தண்ணீர்த் தாங்கியின் மேலே ஏறித் தமது கருவியைத் துடைத்துவிட்டு இறங்கி வந்திருக்கிறார். கதிரையில் இருந்து தேத்தண்ணி கேட்டிருக்கிறார். தேத்தண்ணி வருவதற்குள் போய்விட்டார். யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காத மனிதர், கடைசியிலும் கொடுக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகத்துக்கு நான் எழுத வேண்டும் என்று பாக்கியம் மச்சாள் கேட்டார். “அவரைப் பெரிய ஆளா எழுதாதங்க தம்பி. அவர் இருந்தபடி எழுதுங்க,” என்றும் சொன்னார். ஆகவே இருந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வரவேண்டும். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே வளவில் இரண்டு வீடு கட்டிக் கொடுத்திருந்தார் எங்கள் மாமனார். முதலாவது வீட்டுக்குக் கதிரண்ணன் மாப்பிள்ளையாக வந்தார். சில வருடங்கள் கழித்து இரண்டாவது வீட்டுக்கு நான் வந்தேன். கலியாணம் முடிந்த அந்தக் கிழமையிலேயே என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், “தம்பி, நாம ரெண்டு பேரும் வாழ வந்த ஆக்கள். அக்காவும் தங்கச்சியும் சண்டை பிடிச்சா நாம பேப்பர் வாசிக்கிற. விளங்கிச்சா?” என்றார். அந்தப் புத்திமதியைப் பின்பற்றியதால் இருவரும் நிறையப் பேப்பர் வாசித்தோம்.

எங்கள் மாவட்டத்தில் ஊருக்கே சூரியன்தான் பெயர் வைத்திருக்கிறது. வாவிக்குக் கிழக்கே, பொழுது எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, பொழுது படும் பக்கம் படுவான்கரை. கதிரண்ணன் படுவான்கரையில் பிறந்து எழுவான்கரைக்கு மாப்பிள்ளையானவர். “நான் வெயிலுக்கு எதிர்த் திசையில வந்தவன்,” என்று பகிடியாகச் சொல்வார். பின்னாளில் அந்த வெயிலோடு இவ்வளவு நெருங்கிப் பழகவேண்டி வரும் என்று அவரே நினைத்திருக்கமாட்டார்.

பாக்கியம் மச்சாளைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. மச்சாள் விளையாட்டுத்துறை ஆசிரியை. வலைப்பந்துப் பயிற்சி கொடுப்பார். அவர் ஊதும் விசில் சத்தத்துக்கு வீதியால் போகிற சைக்கிள்காரர்கூடக் கால் ஊன்றி நிற்பார்கள். நாள் முழுவதும் மைதானத்தில் நின்று கறுத்துப்போய் வரும் மனைவியைப் பார்த்து, “இவவைக் கட்டினது நானா, சூரியனா?” என்று கதிரண்ணன் கேட்பதும், மச்சாள் முறைப்பதும் அந்த வீட்டின் தினசரி நிகழ்ச்சி.

ஓய்வு பெற்ற கொஞ்சக் காலத்தில் மச்சாளின் இரண்டு கன்னங்களும் சிவந்து தடித்தன. மூட்டுகள் வீங்கின. விட்டுவிட்டுக் காய்ச்சல். லூபஸ் என்று கண்டுபிடித்தார்கள். உடம்பே உடம்போடு சண்டை பிடிக்கிற நோய். வெயில் பட்டால் கிளம்பும், அளவு மீறினால் சிறுநீரகத்தையும் தொடும், ஆனபடியால் வெயிலைத் தவிர்க்க வேண்டும் என்றார் வைத்தியர். வீட்டுக்கு வந்த மச்சாள் யன்னல்களை எல்லாம் சாத்தினார். கறுப்புத் துணியை வெட்டித் திரை போட்டார். பிறகு முற்றத்துக்கும் வரவில்லை. நாங்கள் போனால் இருட்டுக்குள் இருந்து குரல் மட்டும் வரும். மைதானத்தையே தன் வீடாக வைத்திருந்த மனுசி வீட்டுக்குள் அப்படி இருந்ததைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. கதிரண்ணனுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஒருநாள் பின்னேரம் வேலியருகே வந்து நின்றார் கதிரண்ணன். “தம்பி, டொக்டர் வெயில் கூடாதெண்டு சொன்னார். எந்த வெயில் எண்டு சொல்லல்ல. விடியக்குள்ள வாற வெயிலும் மத்தியான வெயிலும் ஒண்டா?” என்று கேட்டார். என்னிடம் பதில் எதிர்பார்த்து அவர் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை.

அடுத்த விடுமுறைக்கு டோஹாவிலிருந்து வந்த அவர்களுடைய மகன் சுதன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். வீட்டில் வைக்கும் சிறிய வானிலை நிலையம். காற்றை அளக்கச் சுற்றும் கிண்ணங்கள், மழையை அளக்க ஒரு வாளி, வெயிலை அளக்க உச்சியில் பாதி முட்டை அளவில் ஒரு வெள்ளைக் குமிழ். வீட்டுக்குள் வைக்க, எண்களைக் காட்டும் ஒரு சிறிய திரை. மழையும் காற்றும் பற்றிக் கதிரண்ணன் கவலைப்படவில்லை. அவருக்கு வேண்டியது அந்தக் குமிழ்தான். தண்ணீர்த் தாங்கியின் மேலே இரும்புக் குழாய் நட்டு அதைப் பூட்டினார். முதல் தடவை சரிந்து நின்றது. இரண்டாம் தடவை மாமர நிழல் விழுந்தது. மூன்றாம் தடவைதான் ஒழுங்காக நின்றது.

காலை முதல் மாலை வரை அது காட்டும் எண்ணைக் குறித்து வைப்பார். அந்தக் குறிப்புகளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனபோது வைத்தியர் சிரிக்காமல் பொறுமையாகப் பார்த்தாராம். பிறகு தமது பேனையால் ஒரு கோடு கீறி, இந்தக் கோட்டுக்குக் கீழே எறிப்பு இருக்கும்போது, நீளக் கைச் சட்டையோடும் வெயில் தடுக்கும் களிம்போடும் கொஞ்சத் தூரம் நடக்கலாம் என்றாராம். தேர் இழுத்து முடித்தவர்போலக் கதிரண்ணன் வீட்டுக்கு வந்தார்.

எறிப்பு என்ற சொல் அதற்குள் எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். கச்சேரியில் இருந்தவர் அல்லவா, எதற்கும் பலகை வேண்டும். நல்ல எழுத்தில் “சூரியக் கதிர்வீச்சுப் பதிவு நிலையம்” என்று எழுதி வாசற்கதவான படலையில் தொங்கவிட்டார். அடுத்த நாளே கோயில் வண்ணக்கர் வந்துவிட்டார். வண்ணக்கர் என்றால் எங்கள் பக்கத்தில் கோயிலை நிர்வகிப்பவர். ஊரில் எந்தப் பிணக்கும் அவரிடம்தான் போகும்.

“கதிர்காமத்தம்பி, உங்கட வீட்டுல கதிர்வீச்சு இரிக்காம். பின் தெருவில ஒரு பிள்ளத்தாச்சி பயத்துல தாய் வீட்டுக்குப் போயிட்டாள். எங்கட மச்சினனுக்குப் புற்றுநோய்க்குப் பிடிச்சதும் கதிர்வீச்சுத்தான். தலமயிரெல்லாம் கொட்டிச்சு,” என்றார்.

கதிரண்ணன் விளக்கினார். கருவி ஒன்றையும் வீசுவதில்லை, வருவதை வாங்கிக் கணக்கு வைக்கிறது என்றார். வண்ணக்கர் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல், “அப்ப வாங்கினத எங்க வைச்சிரிக்கிறீங்க?” என்று கேட்டார்.

அதற்கு மேல் விளக்கத்தால் பயன் இல்லை. கதிரண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “வெயில் எறிக்குது எண்டு சொல்றமே, அந்த எறிப்பத்தான் ஐயா அளக்கிறன்,” என்றார். வண்ணக்கரின் முகம் தெளிந்துவிட்டது. “எறிப்பெண்டா பிழையில்ல. அது எங்கட முத்தத்திலயும் விழுகுதுதானே,” என்று எழுந்து போனார். பலகையைக் கழற்றினார்கள். ஆனால் ‘கதிர்வீச்சுக் கதிர்’ என்ற பட்டம் நிலைத்துவிட்டது. நானும் ஆசை தீரச் சொல்லியிருக்கிறேன்.

அதிலிருந்து ஒவ்வொரு மாலையும் திரையைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று குரல் கொடுப்பார். “எறிப்பு இறங்கிட்டுது, பாக்கியம்.” மச்சாள் வெளியே வருவார். இருவரும் எங்கள் சிறு தெருவான ஒழுங்கையால் நடந்து வாவிக்கரைக்குப் போவார்கள். நாளடைவில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் எங்கள் ஒழுங்கையில் காயப்போட்ட உடுப்பை எடுப்பார்கள். மச்சாளின் கறுப்புத் திரைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

சட்டைத் துணி எடுத்த கதையும் உண்டு. எந்தத் துணி வெயிலை நன்றாகத் தடுக்கும் என்று அறிய, காத்தான்குடியில் ஒரு புடைவைக் கடைக்கு என்னையும் இழுத்துப்போனார். கடை முதலாளியிடம் ஒவ்வொரு துணியிலும் ஒரு சிறு துண்டு கேட்டார்.

“என்ன சேர், பொம்மைக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?” என்றார் முதலாளி.

“இல்ல ஹாஜியார், சூரியனுக்கு மேல போட்டுப் பாக்கப் போறன்.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் துணிகளைப் பார்த்தேன். எப்படியோ துண்டுகள் கிடைத்தன. மத்தியானத்தில் தாங்கிக்கு மேலே ஏறி ஒவ்வொரு துண்டையும் குமிழின்மேல் போர்த்துவார். நான் கீழே நின்று திரையைப் பார்த்து எண்ணைக் கத்துவேன். முதலாவதாக வந்தது ஒரு தடித்த கரும்பச்சைத் துணி. மச்சாள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதைப் போட்டா லொறிக்கு மேல கட்டுற படங்கெண்டு நினைப்பாங்க. நோயோட இரிக்கலாம், அலங்கோலமா இரிக்க ஏலாது,” என்றார். இரண்டாவதாக வந்த நீலத் துணியில் சட்டை தைத்தார்கள். கதிரண்ணன் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து ஒருமுறை வாய்க்காலில் கால் வைத்ததை நான் கண்டேன்.

இனிச் சொல்லப்போவதை எழுதாமல் விடலாமா என்று மச்சாளிடம் கேட்டேன். “அதை எழுதாட்டி அவர் இல்லை,” என்றார்.

அந்த வருடம் நவராத்திரி முடிவில் எல்லா வீடுகளிலும் போல அங்கேயும் ஆயுதபூசை நடந்தது. தையல் மெசினுக்கு, சைக்கிளுக்கு, மண்வெட்டிக்கு எல்லாம் சந்தனப் பொட்டு. கதிரண்ணன் பயபக்தியோடு தாங்கிக்கு மேலே ஏறித் தமது கருவிக்கும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டு இறங்கினார். சரியாகக் குமிழின் உச்சியில்.

அதே கிழமையில் ஆசிரியர் தினம் வந்தது. மச்சாளிடம் முன்னர் வலைப்பந்து பழகிய பெண்கள், இப்போது தாய்மார்கள், தங்கள் ஆசிரியையைக் கௌரவிக்கப் பின்னேரம் மைதானத்தில் ஒரு போட்டி ஒழுங்கு செய்திருந்தார்கள். வானத்தில் மெல்லிய வெண்முகில். கதிரண்ணன் திரையைப் பார்த்தார். எண் கோட்டுக்குக் கீழே இருந்தது. “முகில் நல்லா மறைச்சிரிக்கு, போயிட்டு வா,” என்றார். மச்சாள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனார். குடையை மடித்து வைத்தார். பந்தை வாங்கி எறிந்தார். முதல் எறியிலேயே வளையத்துக்குள் விழுந்தது. அந்தப் பெண்கள் அவரைத் தூக்காத குறை. அன்று மச்சாள் சிரித்த சிரிப்பைக் கதிரண்ணன் மைதானத்து ஓரத்தில் நின்று கண் நிறையப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நாட்களில் மச்சாளுக்குக் காய்ச்சல் அடித்தது. மூட்டுகள் அசைக்க முடியாதபடி வீங்கின. ஆஸ்பத்திரியில் வைத்து, சிறுநீரகத்தையும் தொட்டிருக்கிறது, கொஞ்ச நாள் பார்க்கவேண்டும் என்றார்கள். வீட்டைப் பார்க்க நான் போயிருந்தபோது, முகில் ஒரு துளியும் இல்லாத மத்தியானம், தரையில் கால் வைக்க முடியாத சூடு. திரையில் வழக்கமான மத்தியான எண்ணில் பாதிகூட இல்லை. மேலே ஏறிப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து குமிழோடு ஒட்டிக் கிடந்தது. துணித் துண்டுகளைப் போர்த்திப் பார்த்த அதே மனிதர், சந்தனமும் ஒரு போர்வை என்பதை நினைக்கவில்லை. சாமிக்கு வைப்பதை நாங்கள் யாருமே அப்படி நினைப்பதில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சொன்னேன். சுவரில் சாய்ந்து இருந்துவிட்டார். பிறகு, “நெத்தியில வைக்கிற எண்டு நினைச்சுத்தான் தம்பி வைச்சன். அது நெத்தியில்ல, கண்,” என்றார். தோளில் கிடந்த சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எத்தனையோ வருடப் பழக்கத்தில் அவர் அழுது நான் கண்டது அன்றைக்குத்தான்.

மச்சாள் மெல்லத் தேறி வீடு வந்தார். ஆனால் அதற்குள் கதிரண்ணன் கருவியை உரப்பையால் மூடிக் கட்டியிருந்தார். மாலையில் குரல் கேட்கவில்லை. யன்னல்கள் திரும்பவும் சாத்தப்பட்டன. இந்த முறை சாத்தியது மச்சாள் அல்ல, அவர். இப்படிச் சில கிழமை போயிற்று. ஒரு விடியற்காலை மச்சாள் வேலியடிக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, மேல ஏறி அந்தப் பையைக் கழட்டுங்க. இவருக்கு ஏறப் பயம்.”

பின்னால் ஓடிவந்த கதிரண்ணன், “வேணாம் பாக்கியம், அத நம்பித்தான் உன்ன...” என்று தொடங்கினார்.

மச்சாள் பழைய விசில்காரியாக அவர் பக்கம் திரும்பினார். “கண்ணுக்குள்ள தூசி விழுந்தா கழுவுறதா, கண்ணையே கட்டுறதா? என்னைப் பூட்டி வைச்சது நோய். திறந்துவிட்டது நீங்க. இப்ப நீங்களே பூட்டினா நான் எங்க போற?”

அன்று காலையே கதிரண்ணன் மேலே ஏறினார். பையை அவிழ்த்தார். பழைய வேட்டித் துண்டால் குமிழைத் துடைத்தார். அதிலிருந்து ஒருநாளும் துடைக்காமல் விட்டதில்லை. ஆயுதபூசைக்கு இரும்புக் குழாயின் அடியில் பொட்டு வைத்துவிட்டு, மேலே அண்ணாந்து பார்த்துக் கும்பிடுவார். வாழ்வின் கடைசிக் காலையிலும் அவர் செய்து முடித்த வேலை அந்தத் துடைப்புத்தான்.

சுதன் வந்து சேர்ந்ததும் அடுத்த நாள் அடக்கம் என்று தீர்மானித்தார்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் பிரேதம் எடுப்பதாக வண்ணக்கர் சொன்னார். பொழுது படுவதற்குள் மண் போட்டாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்கள் படலை வரை வந்து வழியனுப்புவார்கள். பந்தல் முற்றத்தோடு முடிந்தது. அங்கிருந்து படலை வரை வெறும் மணல், முழு வெயில். மச்சாள் வீட்டுக்குள் இருந்தே கும்பிடட்டும் என்றார்கள் சிலர். குடை பிடிக்கலாம் என்றாள் மலர்.

மச்சாள் தலையை ஆட்டினார். “குடை பிடிச்ச கையால கும்பிட ஏலாது. வேற ஆள் பிடிச்ச குடைக்குள்ள நிண்டும் அவரை அனுப்பமாட்டன்.” பிறகு என்னைப் பார்த்து, “எறிப்பு எவ்வளவு தம்பி?” என்று கேட்டார்.

அன்று விடிய நான் மேலே ஏறி, அவருடைய அதே வேட்டித் துண்டால் குமிழைத் துடைத்திருந்தேன். திரையைப் பார்த்தேன். கோட்டுக்கு மிக மேலே நின்றது. வெளியே போய் வண்ணக்கரிடம் சொன்னேன். வரவேண்டியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். காத்தான்குடி ஹாஜியாரும் படலையடியில் தொப்பியோடு நின்றார். வண்ணக்கர் வானத்தைப் பார்த்தார், தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தார்.

“அந்த மனிசன் உசிரோட இரிக்கக்குள்ள ஒரு பலகையைக் கழட்ட வைச்சம்,” என்றார். “கொஞ்சம் பொறுத்தா ஒண்டும் குறைஞ்சிராது. எறிப்பு இறங்கட்டும். இறங்கினதும் சுறுக்கா எடுப்பம்.”

சனம் முழுவதும் காத்திருந்தது. இடையில் ஒரு முகில் வந்து மூட, எண் விழுந்தது. “இறங்கிட்டுது, எடுங்க,” என்று யாரோ சொன்னார்கள். நான் கையைக் காட்டி மறித்தேன். ஆசிரியர் தினத்துக்குப் பிறகு கதிரண்ணன் அடிக்கடி சொல்லும் வார்த்தை அது: “முகிலை நம்பாத தம்பி, அது போயிரும்.” முகில் போயிற்று. எண் திரும்பவும் ஏறியது. இந்தச் சின்னத் திரைக்கு முன்னால் அவர் எவ்வளவு பயத்தோடு ஒவ்வொரு நாளும் நின்றிருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதைக் காட்டாமல் பகிடி விட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்.

வெயில் சரிந்தது. தென்னைகளின் நிழல் முற்றத்தைக் கடந்து நீண்டது. எண் கோட்டுக்குக் கீழே வந்து, அங்கேயே நின்று, இன்னும் இறங்கியது. நான் வாசலில் நின்றேன். ஒருமுறை செருமிக்கொண்டு சொன்னேன்.

“எறிப்பு இறங்கிட்டுது, மச்சாள்.”

ஒழுங்கை முழுவதும் அழுதது. மச்சாள் நீலச் சட்டையோடு எழுந்து வந்தார். சுதனும் மற்றவர்களும் கதிரண்ணனைத் தூக்கினார்கள். மச்சாள் வெறும் கையோடு, யாரையும் பிடிக்காமல், மணலில் நடந்து படலைக்கு வந்து இரண்டு கையையும் கூப்பினார். வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்த வெயில் அவருடைய முகம் முழுவதும் விழுந்தது. உள்ளே வாங்க என்று ஒருவரும் சொல்லவில்லை.

போயிட்டு வாங்க அண்ணன். மச்சாளை வெயிலில் நிற்கவைத்துத்தான் உங்களை அனுப்பினோம்.